நான்காம் மாடிக்கும் ஐந்துக்கும் இடையே

குட்டாய்சி நகரம், நவம்பர்.
பழைய ஆஸ்பத்திரி. லிஃப்ட்டில் காசு போட்டால்தான் நகரும்,
பத்து தெத்ரி.
அந்தப் பெட்டியின் குடல்வரை தெரியும் ஜும்பேருக்கு,
இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்.

மூளையின் இடப்பக்கம் ரத்தம் உறைந்த நாளிலிருந்து
வாயில் மிஞ்சியது ஒரே சொல்:
வகோனி. ரயில் பெட்டி.
ஏன் அந்தச் சொல்லென்று யாருக்கும் தெரியாது.
தீப்பிடித்த வீட்டிலிருந்து
கையில் அகப்பட்ட துடைப்பத்தோடு
ஓடிவந்தவர் மாதிரி இருந்தார்.

காலையில் மக்வலா படஅட்டைகளை வைத்தாள்.
சீப்பு.
வகோனி.
சாவி.
வகோனி.
மாதுளை.
உதடு குவிந்தது, தொண்டை ஏறி இறங்கியது,
நாக்கில் சாறுகூட ஊறியிருக்கும்,
பிறகு, வெட்கத்தோடு, வகோனி.
பென்சில் மூன்று பெருக்கல் குறி போட்டது.

விடுபட்ட கட்டத்துக்கு வடிவம் தேடும் சோதனையில்
அவர் இடக்கை
அவள் கேள்வியை முடிக்குமுன் முடித்துவிட்டது.
அதற்கு வேறு தாள், வேறு மதிப்பெண்.
இரண்டையும் கூட்டக் கூடாதென்பது விதி.

மதியம்
வார்டுக்குத் திரும்பும்போது லிஃப்ட் நின்றது.
மணியை அழுத்தினாள். ஒருவரும் வரவில்லை.
ஜும்பேர் சுவரில் காதை வைத்தார்,
நெஞ்சுச் சளியைக் கேட்கும் டாக்டர் போல.
வகோனி, என்றார் தாழ்ந்த குரலில்.
அவள் பையைக் காட்டினார். வகோனி!
மாத்திரையா?
தண்ணீரா?
போனா, பேனாவா, கண்ணாடியா,
பசிக்கிறதா?
கைவசமிருந்த பெயர்ச்சொல் எல்லாம் தீர்ந்தது.
ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்,
இல்லை, இல்லை.
அவர் கையில் பென்சில் இல்லாதது அவள் அதிர்ஷ்டம்.

கடைசியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து
கதவின் மேல் விளிம்புக்கு உயர்த்தினார்.
இரண்டு விரலை இடுக்கில் வைத்து அழுத்தினார்.
மெல்லியது. விறைப்பானது. இதைவிடக் கொஞ்சம் தடித்தது.
அது என்னவென்று
அவள் விரல்நுனிக்கு முதலில் தெரிந்தது,
வாய்க்கு வெகுநேரம் கழித்து.

மாதுளை அட்டையை எடுத்தாள்.
பல்லில் கடித்து இரண்டாக மடித்தார், மறுபடி நான்காக.
கதவு சாத்தியதை நம்ப மறுத்த சுவிட்சின் இடுக்கில்
அவள் திணித்தாள்,
அவருடைய செத்த வலக்கைக்குப் பதிலாக.
அவர் இடது கட்டைவிரல் ஏழை அழுத்தியது.

பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி எழுந்தது.
அப்போதுதான் கேட்டாள்,
ஒன்று இரண்டு மூன்று நான்கு,
விட்டதைப் பிடிக்க ஓடுகிறவர் வேகத்தில்,
பிறகு நிதானமாக, மாடிக்கு ஒன்றாக,
ஐந்து.
ஆறு.
ஏழு.
ஜும்பேரின் வாய்தான். ஜும்பேரின் குரல்தான்.

கதவு திறந்தது.
'இது எந்த மாடி?'
வகோனி.
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாடநூலில் படித்திருக்கிறாள் இதை:
வரிசை தப்பிப் பிழைக்கும், தனிச்சொல் மூழ்கும்.
படித்தது வேறு, லிஃப்ட்டில் நிற்பது வேறு.
'உங்கள் வயது என்ன?'
ஜும்பேர் மூச்சை இழுத்துக்கொண்டார்.
ஒன்று, என்று ஆரம்பித்தார்.

சூப் வண்டி அவர்களைக் கடந்து போனது.
பதினாறு, பதினேழு.
அவர்கள் மொழியில் எண்கள் இருபது இருபதாக ஏறும்,
நாற்பது என்றால் இரண்டு இருபது,
அறுபது மூன்று இருபது.
நாம் சிரிக்க வேண்டாம்,
நம் தொண்ணூறும் ஊர் வந்து சேருமுன்
நூறைப் பெயரோடு கட்டிக்கொண்டதுதானே.
ஒவ்வொரு இருபதிலும் நின்று
கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு
மேலே போனார்.
அவள் உதவவில்லை. உதட்டைக்கூட அசைக்கவில்லை.
எங்கே நிற்பதென்று
இவருக்கு எது சொல்லும்?

மூன்று இருபது.
மூன்று இருபதும் ஒன்றும்.
மூன்று இருபதும் இரண்டும்.
மூன்று இருபதும் மூன்றும்.

நின்றார். வாயை மூடிக்கொண்டார்.

கோப்பில் அறுபத்திரண்டு என்றிருந்தது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மக்வலா
அந்த வரி எழுதப்பட்ட தேதியைத் தேடிப்
பக்கம் புரட்டினாள்.