இருபத்து நாலாம் முடிச்சு

பாசையூருக்கு நான் போய்ச் சேர ஒன்பதே கால்.
ஸ்கூட்டியை வேம்படியில் விட்டு
பையிலிருந்து எடுத்தேன்:
பதினாறு பக்கப் படிவம், அளவுநாடா,
மை தீர்ந்துவரும் நீலப் பேனை.

சொல்லாமல்தான் போக வேண்டும், அது விதி.
ஆனாலும் முற்றம் புதுசாய்க் கூட்டியிருந்தது,
விளக்குமாற்றுக் கோடுகள் அழியவில்லை.
மீன்சந்தையடியில் யாரோ கண்டு
எனக்கு முந்திச் செய்தி வந்திருக்கிறது.

இமெல்டா ரீச்சர் சீலைத் தலைப்பில் கை துடைத்தபடி
"வாங்கோ மிஸ்" என்றா.
அந்த வாங்கோவுக்குள்
"ஏன் இண்டைக்கு" என்பதும் இருந்தது.

நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும்.
றெக்சன் வந்தான், நாலு வயது.
சுவரோடு சுவராய் ஒட்டி நின்று
மூச்சையும் பிடித்துக்கொண்டான்,
தன்னைத்தான் அளக்கிறேன் என்று.
நீளம் இருபது அடி. அகலம் பதினெட்டு.
பிள்ளைக்கு இருபது சதுர அடி என்றால்
பதினெட்டுப் பிள்ளைகள்.
இடாப்பில் இருபத்து மூன்று.

ஐந்து பேர் அதிகம்.
எந்த ஐந்து என்று படிவம் கேட்கவில்லை.
நான் கேட்டுப் பார்த்தேன், மனதுக்குள்.
காலமைப் புட்டை இன்னும் கன்னத்தில் வைத்திருக்கும் அன்சிகாவா,
ஆளுக்கொரு செருப்பை மாற்றிப் போட்ட இரட்டையரா,
இன்னும் மூச்சு விடாத றெக்சனா?
தாய்மார் ஏழு மணிக்கு
நண்டுக் கொம்பனி வாசலில் நிற்க வேண்டியவர்கள்.

கழிப்பறைக்குத் தண்ணி வருகிறது.
முதலுதவிப் பெட்டியில் டெற்றோல்
போன மாசியோடு காலாவதி.
கிணற்றுக்கட்டு என் இடுப்பளவு; மேலே
நாலாய் மடித்த இறால் வலை,
சீமெந்தில் புதைத்த கொளுக்கிகளில் இறுக்கி.
இரும்புக் கம்பிவலை என்றுதான் படிவத்தில் இருக்கிறது.
கையால் அழுத்தினேன். பிறகு
சுற்றிவரப் பார்த்துவிட்டு
என் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தேன்.
அசையவில்லை.
"இல்லை" என்ற பெட்டியில் அடையாளமிட்டேன்.
ரீச்சர் ஒன்றும் கதைக்கவில்லை.

"நெருப்புப் பிடித்தால்?"
அவ மணி அடிக்கவில்லை.
ஆணியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தா,
படகு கட்டின நைலோன், நீலம் வெளுத்தது,
முழத்துக்கு ஒரு முடிச்சு.
பிள்ளைகள் எழும்பினார்கள்.
அவரவர் முடிச்சு அவரவர் கைக்குத் தெரிந்திருந்தது.
கதவு, விறாந்தை, முற்றம், வேம்பு.
கைபேசியில் பார்த்தேன்: முப்பத்தொன்பது விநாடி.

கடைசியில் ஒரு முடிச்சு சும்மா தொங்கியது.
"உது ஆருக்கு?"
"பிந்தி வாற பிள்ளைக்கு, மிஸ்."

அதே படிவம், ஒன்பதாம் பக்கம்:
பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில்
ஒரு சாணுக்கு மேல் கயிறு கூடாது.
சிரிக்கத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.
போன வருஷம், வேறொரு ஊர்,
யன்னல் சீலையின் கயிறு.
பிள்ளை பிழைத்தது. கழுத்தில் ஒரு கோடு இருக்கிறது.
அந்தப் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

ஆணியைக் கழற்றினேன்.
ஐந்தடிக்கு மேல் அளந்து நானே அடித்தேன்,
சுத்தியலுக்குப் பதில்
ரீச்சர் தேங்காய் உடைக்கிற கல்லால்.
இரண்டாம் அடி என் பெருவிரலில்.
இருபத்து மூன்று பேரும் ஊதிவிட்டார்கள்.
முதலுதவிப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

குறிப்பில் எழுதினேன்:
ஐந்து பிள்ளைகள் அதிகம். விறாந்தைக்குச் சீமெந்து போட்டால்
அதையும் சேர்த்து அளக்கலாம். மூன்று மாதத் தவணை.
கிணற்றுக்குக் கம்பிவலை. டெற்றோல்.
கயிறு என்று எழுதி, வெட்டி,
திரும்பவும் எழுதினேன்:
"கயிறு உண்டு. எட்டாத உயரம். இருக்கட்டும்."
பேனை அதோடு தீர்ந்தது.
கையெழுத்தை ரீச்சரின் சிவப்புப் பேனையில் போட்டேன்.

ஸ்கூட்டியைத் திருப்ப, றெக்சன் ஓடி வந்தான்.
"மிஸ், அப்ப நான் எத்தினை?"

நாடாவைத் திரும்ப இழுத்தேன்.
மூன்றடி இரண்டங்குலம்,
தலையில் விழுந்திருந்த
வேப்பம்பூவைக் கழித்து.