பங்கேற்பாளர் 61

நூலகத்தின் நாலாவது கணினி எனக்கு.
அதில் இடைவெளி விசையை
இரண்டு தரம் குத்தினால்தான் நகரும்.
என் தேடுசொற்கள் எல்லாம்
ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்.

ஆய்வுத் தலைப்பு: அரசு மருத்துவமனையில்
நோயாளிக்குத் துணையிருப்போரின் மன அழுத்தம்.
முப்பது கட்டுரையாவது வேண்டும் என்றார் கைடு,
பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள்,
சக மதிப்பாய்வு ஆனதாக.
என்னிடம் ஏழு.

'காத்திருத்தல்' என்று போட்டேன்,
விமான நிலையங்கள் வந்தன.
'பராமரிப்பாளர் சுமை' என்றால் பதினெட்டாயிரம்.
தெற்காசியா என்று சுருக்கினால் நாற்பது.
விளையாட்டாக 'வராந்தா' என்று போட்டதற்கு
எழுத்துப்பிழையைச் சரிபார்க்கச் சொன்னது.

நாற்பதிலும்
சுருக்கம் மட்டும்தான் இலவசம்.
அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம்,
முப்பத்தொன்பது டாலர்.
எங்கள் மெஸ் பில்லைவிட ஐந்நூறு ரூபாய் அதிகம்.
"சந்தா முடிஞ்சிருச்சும்மா" என்றார் பாக்கியநாதன் சார்,
தெருக்குழாயில் தண்ணி நின்றதைச் சொல்வதுபோல.

ரஜபுநிஷாதான் சொன்னாள்:
"எழுதுனவங்ககிட்டயே கேளுடி.
அந்தக் காசுல அவங்களுக்கு
அஞ்சு பைசா போகாது."
'மதிப்பிற்குரிய'வை மூன்று தரம் அழித்து
ஏழு வரியில் ஒரு கடிதம் அனுப்பினேன்,
பெர்கன் என்கிற ஊருக்கு.

பதினோரு நாள்.
நாகமலைக்கு மேல் ஒரு மழை வந்து,
பெய்யாமலே போனது.
பன்னிரண்டாம் நாள் ராத்திரி
இரண்டு நாற்பதுக்குப் பதில்:
'இதைக் கேட்ட மூன்றாவது ஆள் நீங்கள்.
இணைத்திருக்கிறேன்.'

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் படித்தேன்.
தென்னிந்திய நகரம் ஒன்று. கோடை.
நூற்று நாற்பத்திரண்டு பேர்.
ஊர்ப் பெயர் இல்லை.
'பருவகால ஆற்றின் வடகரையில்
எழுநூறு மீட்டர் தள்ளி' என்றிருந்தது.
வைகையை
இப்படியும் ஒளித்துவைக்கலாம் போல.

ஒன்பதாம் பக்கத்தில்
பங்கேற்பாளர் 61.
பெண், வயது 34, தொழில் தையல்.
'என் கல்லீரல் நடுங்குகிறது' என்று
ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள்.
கீழே அடிக்குறிப்பு:
உடல்சார் அறிகுறியாகவோ உருவகமாகவோ இருக்கலாம்.

ஈரக்கொலை நடுங்குது.

அந்தக் கோடையில் அப்பா
கட்டில் கிடைக்காமல் தரையில் கிடந்தார்.
எனக்குப் பத்து வயது.
அட்டையில் கிளிப் மாட்டிய ஓர் அக்கா வந்தார்,
பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.
அம்மா குளுக்கோஸ் சொட்டை எண்ணிக்கொண்டே
அவருக்குப் பதில் சொன்னாள்.

அம்மா காஜாதான் எடுப்பாள்.
அதையும் தையல் என்றுதானே எழுதுவார்கள்?
ஆதாரில் அவளுக்கு ஒரு வயது,
அவள் சொல்வது இன்னொன்று.
அந்த வராந்தாவில்
ஈரக்கொலை நடுங்காதவர் யார்?
நூற்று நாற்பத்திரண்டில்
எவராகவும் இருக்கலாம் அவள்.

விடிந்ததும் போன் போட்டேன்.
"ஆமா, ஒரு பொண்ணு கேட்டுச்சு.
எதையோ சொன்னேன்,
கையெழுத்து வாங்கிட்டுப் போச்சு.
ஏன்டி, இப்பப் பணம் கிணம் ஏதும் வருதா?"
இல்லம்மா என்றேன்.
"அப்பப் படி" என்று வைத்துவிட்டாள்.

ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம்.
மேற்கோள் பட்டியலில் அவ்வளவுக்குத்தான் இடம்.
சேர்த்தேன்.

எட்டு.
இன்னும் இருபத்திரண்டு வேண்டும்.