ஒன்பதாம் மாடிக்கு இருபது தெத்ரி

செத்தது பலகையில்லை,
அதற்குள் கம்பி நுழையும் வாய்.
பதினோரு வருஷம் செருகிச் செருகித் தளர்ந்துவிட்டது.
ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டினேன்.
தீக்குச்சியை ஒடித்து முட்டுக் கொடுத்தேன்.
நேற்றிரவு
தவளை இதயத்தின் மூன்றாம் அறையை
மூடப்போகும் நேரம்
கோடு துள்ளித்
திரையின் மூலையில் போய் விழுந்தது.

ஏழாம் வகுப்பு உயிரியல்,
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.
எத்தேரி இரண்டு முறை அழைத்துவிட்டாள்.
மூன்றாம் முறை நான் எடுக்கவில்லை.

பெக்கினி சாலைக் கடையில்
மல்ஹாஸ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
"எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு
அழுத்த நிலைகள்" என்றான்,
ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தவன்போல.
எனக்குத் தெரிந்தவை நாலு:
தடவல், கோடு, அழுத்தல்,
அப்புறம் எத்தேரி அழைக்கும்போது போடுவது.

திரையுள்ள பலகையைக் காட்டினான்.
வரையும் இடத்தையே பார்த்து வரையலாமாம்.
வரைந்தேன்.
தவளை தெரியவில்லை, என் கைதான் தெரிந்தது.
புறங்கை நரம்பு, நகக்கண்ணில் பீட்ரூட் கறை.
இவ்வளவு பெரிய கையா
இத்தனை நாளும் கீழே கிடந்து வேலை பார்த்தது?
கண் மேலே, கை கீழே,
நடுவில் ஒரு முழம் இருட்டு.
அந்த இருட்டில்தான் எனக்குக் கோடு வரும்.
விலையைக் கேட்டேன்.
நல்லவேளை,
விலையும் என் கட்சிதான்.

சின்னப் பலகை மணிக்கட்டு வரை.
நடுத்தரம் முழங்கை வரை.
பெரியது தோள் வரை.
எந்த வரை என் வரை என்று
காற்றில் ஒரு தவளை போட்டுப் பார்த்தேன்.
பின்னால் ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்
இரண்டடி தள்ளி நின்றார்.
முழங்கை.

பழையது ஒன்று மலிவாக, க்ல்தானியில்,
ஒன்பதாம் மாடியில் இருந்தது.
லிஃப்டுக்குள் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி.
இருபது தெத்ரி போட்டால் ஏறும்.
என் பையில் பத்துதான் இருந்தது.
விற்கிற ஓதியாவே இறங்கி வந்து
தன் காசைப் போட்டுக் கூட்டிப்போனான்.
"பலகை விலையில் சேர்த்துக்கொள்வேன்" என்றான்.
சேர்த்தான்.

கல்யாணப் படங்களில் பல் வெளுப்பது
ஆறு வருஷம் அவன் தொழில்.
இப்போது டிரோன் பறக்கவிடுகிறான்.
அவ்வளவு உயரத்திலிருந்து
யாருக்கும் பல் இல்லை.

தானமாய் வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
சன்னலோரம் சாய்த்தேன்.
மேலெல்லாம் புதுசின் சொரசொரப்பு,
நட்டநடுவில் மட்டும்
காசளவு வழவழப்பு.
ஒவ்வொரு பல்லையும் அங்கே இழுத்து வந்து
பெரிதாக்கித் தேய்த்திருக்கிறான்.
மாப்பிள்ளையின் பல், மாமனாரின் பல்,
குத்தாயிசியில் ஒரு பாதிரியாரின் தங்கப் பல்லைக்கூட
("அவர் கேட்கவில்லை, நானேதான்").
என் பழசில் தேய்ந்தது இடது கீழ் மூலை.
அங்கே அப்படி என்ன வரைந்தேன்?

கம்பி வாயை ஆட்டிப் பார்த்தேன். இறுக்கம்.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
இறங்கக் காசு வேண்டாம்.

இரவு, தவளை.
சொரசொரப்பில் கோடு நன்றாய்த்தான் போகிறது,
நடுவுக்கு வந்ததும்
உறைந்த குட்டையில் கால் வைத்ததுபோல்
பேனா சறுக்குகிறது.
மூன்று முறை அழித்தேன்.
எத்தேரியைத் திட்டினேன், அவள் பாவம்.
ஓதியாவைத் திட்டினேன்.
இதயம் ஈரமாய்த் தெரிய
ஒரு வெள்ளைத் தீற்று பாக்கியிருந்தது.
படத்தை நகர்த்தி
அந்தச் சறுக்கலுக்கு மேல் கொண்டுவந்தேன்.
ஒரே வீச்சு.

காலையில் எத்தேரி.
"ஏன் இப்படிப் பளபளக்கிறது?
பல் மாதிரி இருக்கிறதே."
ஈரம் என்றேன்.
கொஞ்சம் குறை என்றாள்.
சரி என்றேன். குறைக்கவில்லை.

பழைய பலகைமேல் இப்போது தேநீர்க் கோப்பை,
இரண்டு பேரிச்சங்கொட்டை, மின்கட்டண ரசீது.
ரப்பர் பேண்டை
இன்னும் கழற்றவில்லை.