மீன் தைத்த நூல்

பிராண்டன் நகரில் பிப்ரவரி.
ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் சலவைக்கூடம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நான் வியர்வையோடு
மின்கம்பிக்காரர்களின் நீலச் சட்டைகளை
ஒவ்வொன்றாக விளக்குமுன் பிடிக்கிறேன்.

கிழிசல் உண்டா. எண்ணெய்க் கறை உண்டா.
பித்தான் கழுத்துவரை ஏறுகிறதா.
காலருக்குள் இருக்கும் எண்ணை
இன்னும் படிக்க முடிகிறதா.
எவ்வளவு சூடுவரை இந்தத் துணி
ஒரு மனிதனின் பக்கம் நிற்கும் என்ற கணக்கு அது.
பிளீச் கூடாது. மணக்க வைக்கும் திரவம் கூடாது.
துணிமேல் படியும் வாசனை
நெருப்புக்குத் தின்பண்டம்.

தீப்பிடிக்காத சட்டை என்பார்கள்.
நான் அப்படிச் சொல்வதில்லை.
பிடிக்கும்.
பிடித்ததை வைத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.
கருகும். நெருப்பு விலகியதும் தானே அணையும்.
உருகாது.
உருகுகிற எதுவும் தோலோடு
உறவு கொண்டாட வந்துவிடும்.

நவம்பரில் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்கின் சட்டை வந்தது.
இடது பைக்கு மேலே ஒரு மீன்,
நீள மூக்கும் பல்லுமாக ஒரு பைக் மீன்.
அவன் பயிற்சி தரும் ஒன்பது வயதுப் பிள்ளைகளின்
ஹாக்கி அணிச் சின்னம்.
(அந்த வருடம் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை.)
தையல் கோணல். நூல் பளபளத்தது.
நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன்:
தூண்டில் நரம்பு. நைலான்.

விதி எனக்குத் தெரியும்.
பதினொரு வருடமாகத் தெரியும்.
கத்தரிக்கோல்கூடக் கையில்தான் இருந்தது.
வெள்ளிக்கிழமை, மணி நாலரை.
உள்ளங்கை அளவு மீன், அது என்ன செய்துவிடும்?
மடித்தேன்.
தேறியது என்று எழுதினேன்.
கீழே என் பெயர், பெர்னடெட் டெஜார்லே,
அதே பேனாவில்.

டிசம்பரில் துணைமின்நிலையத்தில்
ஒரு பிரேக்கரைத் தள்ளிப் பொருத்தும்போது
வெள்ளை வந்தது.
சத்தம் பிறகுதான் என்றாள் கூட இருந்த பெண்.
கண் மூடவே நேரமில்லையாம்.
கவசம் முகத்தைக் காத்தது.
கையுறை கையைக் காத்தது.
சட்டை காகிதப் பையில்
விசாரணை எண்ணோடு என் மேசைக்கு வந்தது.

மார்பெல்லாம் கரி.
ஒரு ஓட்டை இல்லை.
நின்றிருக்கிறது, சொன்ன வாக்குக்குமேல் நின்றிருக்கிறது.
மீனைத்தான் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு கறுத்த தகடு,
சுற்றிலும் நைலான் உருகி உறைந்த மணிகள்.
எண்ணினேன். நாற்பத்தேழு.
இன்னொரு முறை எண்ணினேன்.

நேற்று அவனே வந்தான்.
சட்டையின் மேல் இரண்டு பித்தானைக் கழற்றிக் காட்டினான்.
புதுத்தோல், இளஞ்சிவப்பு,
புள்ளி புள்ளியாக ஒரு மீனின் ஓரம்.
"பிள்ளைகளுக்கு ஒரே பெருமை" என்று சிரித்தான்.
சிரித்தபோது அந்த இடம் இழுத்திருக்க வேண்டும்.
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நவம்பரில் நான் அதைப் பார்த்தேன்" என்றேன்.
"நரம்பு என்று தெரிந்தும் விட்டேன்."

உலர்த்தும் எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
ஏதோ ஒரு பித்தான் உள்ளே
தட்டித் தட்டி விழுந்தது.
அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை.
பித்தானைப் போட்டுக்கொண்டான்.
புதுச் சட்டையை மேசைமேல் வைத்தான்.

"சரியான நூல் என்ன விலை?"

கழித்துப்போட்ட ஒரு சட்டையின் முதுகிலிருந்து
மீனை வெட்டினேன்.
அராமிட் நூல் மஞ்சள், நீலத்தோடு சேரவே சேராது.
அவன் ஸ்டூலில் உட்கார்ந்து
ஒவ்வொரு தையலையும் பார்த்தான்.
என் விரல் நடுங்கியதையும் பார்த்திருப்பான்.
மூக்கு முடிந்தது. வால் முடிந்தது.
ஊசியை எடுத்து வைக்கப் போனேன்.

"கண்?" என்றான்.

மறுபடி நூல் கோத்தேன்.