ஐந்து மீட்டர் மல்

ஜனவரி. கோத்தகிரியில்
குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிற மாதம்.
இரவு இரண்டே காலுக்கு
என் முதுகில் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.

எழுந்து உட்கார்கிறேன்.
நைட்டி கழுத்தோடு ஒட்டிக் கிடக்கிறது.
பக்கத்தில் யோகராசா:
குரங்குக் குல்லா, சாக்ஸ், இரண்டு கம்பளி,
மூக்கு மட்டும் வெளியே.
ஒரே கட்டில்தான்.
அவர் படுத்திருப்பது ஊட்டியில்
நான் மேட்டுப்பாளையத்தில்.

ஜன்னலைத் திறந்தால் அவர் இருமுவார்.
மூடினால் நான் வெந்துபோவேன்.

இந்த வயதில் வரும், பிறகு போகும் என்றார் டாக்டரம்மா.
எப்போது போகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை மஸ்தான் பாய் கடைக்குப் போனேன்.
தொங்குவதெல்லாம் சூடு.
புலி போட்ட மிங்க் கம்பளி, ரோஜா போட்டது,
கண்ணாடிப் பெட்டிக்கு மேலே
மயில் போட்டது.
தொட்டால் பூனைக்குட்டி.
போர்த்தினால்
பிளாஸ்டிக் கவருக்குள் வியர்க்கிற பன்.

மெல்லிசாக ஏதாவது? என்றேன்.
"டூரிஸ்டா அக்கா?"
இருபத்தாறு வருஷமாக
இதே ஊர் ஃபேக்டரியில் இலை வாட்டுகிறேன் என்றேன்.
அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் சாட்டின் வந்தது. "சில்லுன்னு இருக்கும்."
கன்னத்தில் வைத்தேன்.
சில்லென்றுதான் இருந்தது, பத்து எண்ணும் வரை.
பதினொன்றில் என் சூட்டை எனக்கே
கந்துவட்டியோடு திருப்பித் தந்தது.

பிறகு அறுநூறு நூல் பருத்தி.
பெரிய ஓட்டல்களில் விரிப்பதாம்.
இருக்கட்டும் பாய்,
அறுநூறு பேர் ஏறின பஸ்ஸில்
காற்று எந்தப் படியில் தொங்கும்?

லினன் நல்ல துணி.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
மடிப்புக் கலையாமல் வைத்தேன்.

என் வேலை வாட்டுத் தொட்டியில்.
பச்சை இலையைக் கம்பிவலைமேல் பரப்பி
கீழிருந்து காற்று விடுவோம்.
இலை தன் ஈரத்தைத் தானே விட்டுக்கொடுக்கும்.
தடிமனாகப் பரப்பினால் நடுவில் சூடேறி
சிவந்துபோகும், புளிச்ச வாடை வரும்.
(ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி
நானே அப்படி ஒரு தொட்டியைக் கெடுத்திருக்கிறேன்.
சூப்பர்வைசர் கையை விட்டுப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் போனார். அதுதான் வலித்தது.)
யாரும் இலையைக் குளிர வைப்பதில்லை.
காற்றுக்கு வழி விடுகிறோம்,
அவ்வளவுதான்.

அதனால் வாயில் துணியை வைத்து ஊதினேன்.
மறுபக்கம் என் உள்ளங்கை.
மைக்ரோஃபைபர்: செத்த வீடு.
அறுநூறு: யாரோ பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி.
பாய் கணக்கு நோட்டை மூடிவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டுமேசையிலிருந்த ஜெபசீலி
ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்
ஒரு வெள்ளைச் சுருளைக் கொண்டுவந்தாள்.
மல். லைனிங் கொடுக்கவும்
பிறந்த குழந்தையைச் சுற்றவும் வாங்குவார்களாம்.
ஊதினேன்.
என் மூச்சு முழுசாக என் கையில் வந்து இறங்கியது,
ரசம் சாப்பிட்ட வாசனையோடு.

ஐந்து மீட்டர் என்றேன்.
கீழே விரிக்க ஒரு சென்னிமலைப் போர்வை.

கத்தரி ஓடி முடிந்தது.
ஜெபசீலி பில் எடுக்கப் போன நேரம்
பாய் குரலைத் தாழ்த்தினார்.
"எனக்கும் ராத்திரியில ஊத்துது அக்கா.
கம்பளி விக்கிறவன் வேர்க்குதுன்னு சொன்னா
யாவாரம் படுத்துடும்."
சுருளிலிருந்து தனக்கும் ஐந்து மீட்டர் அளந்தார்
முழத்துக்கு முழம் வாசலைப் பார்த்தபடி.

இரண்டு முறை கஞ்சி போகத் துவைத்தேன்.
நடுவில் ஒரு தையல், சற்றுக் கோணல்.

இரண்டே காலுக்கு வந்தது.
வரத்தான் செய்யும்.
முதுகு நனைந்தது,
நனைந்தது துணியில் ஏறி, எங்கோ போனது.
பக்கத்துச் சரிவில் காட்டெருமை ஒன்று
புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.
எழுந்து உட்காரவில்லை.

நாலு மணி இருக்கும்.
மல்லுக்கு அடியில் பனிக்கட்டியாய் இரண்டு பாதம்
என் கெண்டைக்காலைத் தேடி வந்தன.
தள்ளிவிடப் போனேன்.

சாக்ஸைக் கழற்றியிருந்தார்.