கூடுதல் சொல்

மணலி எக்ஸ்பிரஸ் சாலை,
கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.
ஏசி ஓடும், எலியும் ஓடும்.
ஒரு மடிக்கணினி, ஒரு பெரிய பொத்தான்,
நாளொன்றுக்கு முப்பது டிரைவர்கள் எனக்கு.

"ஸ்கிரீன் கறுப்பா இருக்கும்ணே.
பச்சைப் புள்ளி வந்ததும் அழுத்தணும்.
வர்றதுக்கு முன்னாடி கூடாது."
சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன வாக்கியம்.

தேசப்பன், ஐம்பத்தொரு வயது, எர்ணாவூர்.
இருபத்தாறு வருடமாக டிரெய்லர்.
பரீட்சை என்றார்களாம்,
சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார்.

முதல் சுற்று நானூற்றுப் பன்னிரண்டு மில்லி செகண்ட்.
அடுத்தது முன்னூற்றுத் தொண்ணூறு.
மூன்றாவதில் திரை சிவந்தது:
முன்னதாக அழுத்திவிட்டீர்கள்.
நான்காவதிலும். ஐந்தாவதிலும்.

"புள்ளி வரட்டும்ணே."
"வந்தப்பொறம் அமுக்கி இன்னாம்மா பிரயோஜனம்?
ரெண்டு லாரிக்கு நடுவுல பைக்கு மூக்கு தெரியும்,
ஆளு தெரியாது.
மூக்கு தெரியறதுக்கு முந்தியே
காலு பிரேக்குல இருக்கணும்."
அதைப் பிழை என்றுதான் எண்ணும் இது
என்று நான் விளக்கவில்லை.

பிறகு நினைவு.
ஹெட்போனில் பத்துச் சொற்கள், என் குரலில்,
சளி பிடித்திருந்த ஒரு நாளில் பதிந்தது.
குடை, சாவி, எலுமிச்சை, கயிறு, ஜன்னல்...
நடுவே இருபது நிமிடம்
எண்களைத் தலைகீழாகச் சொல்லும் வேலை.
ஏழு இரண்டு ஒன்பது நான்கு:
அதற்கே தடுமாறினார்.
காலையில் ஏற்றிய பெட்டியின் நம்பரைக்
கேட்காமலே சொன்னார், ஏழு இலக்கமும்.
போன மாதம் கத்திவாக்கத்தில்
டயர் வெடித்தபோது ஏற்றியிருந்த பெட்டியுடையதும்.
அதைக் குறிக்க இதில் கட்டம் கிடையாது.

"இப்ப, முதல்ல கேட்ட வார்த்தைங்களச் சொல்லுங்க."
"குடை. சாவி. கயிறு. எலுமிச்ச."
கண்ணை மூடிக்கொண்டார்.
"செருப்பு."

பட்டியலில் செருப்பு இல்லை.
"நல்லா யோசிங்கண்ணே."
"நீலக் கலரு. ரப்பரு."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஒத்தை."

வெளியே ஏதோ வண்டி ரிவர்ஸில்
பீப் பீப் என்று கத்திக்கொண்டே போனது.
கணினி கேட்டது:
கூடுதல் சொல். பிழையாகப் பதியவா?
என் விரல் பொத்தான் மேலேயே நின்றது.
பதிலுக்கு இதுவரை இத்தனை நேரம்
நான் எடுத்துக்கொண்டதில்லை.

"பாஸாம்மா?" என்றார்.
"திங்கக்கிழமை சொல்லுவாங்க."
பேனா இரண்டும் இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

கதவருகே அடுத்தவர்
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
"வேணாம்ணே," என்றேன், சற்றுச் சத்தமாகவே,
"போட்டுக்கிட்டே வாங்க."