மரம் மாதிரி

இரண்டு நாள் பெட்டிகள் வீட்டுக்குள் சும்மா கிடக்கட்டும்
என்றார் எமிலியான்.
"இந்தச் சூட்டைப் பழகவேணும்.
பழகாமல் விரிச்சால் பேந்து கோவிக்கும்."

முப்பத்தொரு பெட்டி.
கொக்குவிலில், மூன்றாம் மாடியில்,
வங்கிக்கு இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிற வீட்டில்
அவற்றுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்தேன்,
சொல்லாமல் வந்த சொந்தக்காரரோடு போல
கொஞ்சம் ஒதுங்கி.

பெட்டியில் ஓக் என்று இருந்தது.
நான் ஓக் பார்த்ததில்லை.
எமிலியானும் பார்த்ததில்லை.
எங்கேயோ நின்ற ஒன்றை
யாரோ ஒருநாள் படம் பிடித்திருக்கிறார்கள்.

லிஃப்டில் கீழ்வீட்டுச் சிவலோகன் கேட்டார்:
"மரமோ?"
"மரம் மாதிரி."
"தண்ணி ஊத்திக் கழுவலாமோ?"
"துடைக்கலாம்."
என்னுடைய வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றையும்
அவர் முகம் ஒரேயடியாய் இரத்துச் செய்தது.

பழைய ரைல்ஸைக் கிளப்பினபோது
சீமெந்தில் யாரோ பென்சிலால் போட்ட கணக்கு:
பதினொன்றரையில் ஒன்பதேகால் போக
இரண்டரை.
காணிக் கந்தோரில் நாள்முழுக்கப்
பிழையான அளவுகளோடு சீவிக்கிறவள் நான்,
விட முடியவில்லை.
எமிலியானின் காதிலிருந்த பென்சிலை வாங்கி
வெட்டி, இரண்டேகால் என்று எழுதினேன்.
டிலக்சன் அதன்மேல் நுரைத்தாளை விரித்தான்.

முதல் வரிசை சுவரோடு ஒட்டவில்லை.
எட்டு மில்லிமீற்றர் விட்டு
சின்னக் கட்டைகள் முட்டுக் கொடுத்தார்.
"சித்திரையில இது நெட்டி முறிக்கும்.
இடம் குடுக்காட்டி நடுவில எழும்பி நிக்கும்."
பிறகு ஒரு பட்டி வந்து மறைத்துவிடும்.
பார்க்கிற ஆட்களுக்குத் தெரியாது,
இந்த வீட்டில் நிலம் எந்தச் சுவரையும் தொடவில்லை.

பல்கனியில் வாள் ஓடியது.
தூளை அள்ளி மணந்து பார்த்தேன்,
மழைக்கோட்டு வாசம்.

இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன்:
ஆட்டுக்கண் போல ஒரு மரக்கண்,
வாசலடியில். அதே கண் சன்னலடியில்.
அதே கண் பிரிட்ஜுக்கு முன்னால்.
"ஒன்பது பலகைக்கு ஒருக்கால் அதே படம் திரும்பும்.
பெட்டியளைக் கலந்து அடிக்கிறது அதுக்குத்தான்.
பக்கத்தில பக்கத்தில வந்தால் குட்டு வெளிச்சிடும்."

அவர் இடது முழங்காலில் மட்டும் மெத்தை கட்டியிருந்தார்.
மற்றதைத் தொலைத்துவிட்டாராக்கும் என்றிருந்தேன்.
மூன்றாம் நாள் நான் ரீயோடு வர
சுத்தியல் கைதவறி வலது காலில் விழுந்தது.
"ஐயோ" என்றது நான்தான்.
வெறும் வாளியில் தட்டின சத்தம்.
அவர் நிமிரவுமில்லை.
"அந்தப் பக்கம் நோகாது தங்கச்சி."
அடுத்த பலகையைச் சரித்து
பள்ளத்தில் நாக்கை விட்டு அமத்தினார்.
கிளிக்.

எப்போது, எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை.
இங்கே அதற்கு விடையும்
ஒன்பது பலகைக்கு ஒருக்கால் திரும்பும்.
சீனி காணுமோ என்று கேட்டேன்.
காணாது என்றார்.

பின்னேரம் கடைசி வரிசையும் முடிந்து
டிலக்சன் வாளைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான்.
எமிலியான் வாசலில் நின்றார்.
"செருப்பில்லாமல் ஒருக்கா நடந்து பாருங்கோ, மெதுவா.
எனக்கு ஒரு கால்தான் சொல்லும்."

நடந்தேன்.
அறை, நடை, குசினி வாசல்.
திரும்பி வந்தேன், இம்முறை கண்ணை மூடி.
குதியால், பிறகு விரலால்.
இதற்கு முன் ஒரு நிலத்தை
இவ்வளவு கவனமாய் நான் கேட்டதில்லை.
சன்னலடியில், ஆட்டுக்கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி,
என்னவோ ஒன்று மூச்சு விட்டதுபோல் தாழ்ந்தது.

"இஞ்ச."

"வடிவா?"

"ஓம். இஞ்சதான்."

ஏழு வரிசை கழற்ற வேண்டியிருந்தது.
அடியில், நுரைத்தாளுக்குக் கீழே, பயறளவு சீமெந்துக்கட்டி.
உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டிவிட்டு
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்ப அடிக்கத் தொடங்க
கீழிருந்து சிவலோகன்
தும்புத்தடியால் தன் கூரையில் இரண்டு தட்டு.
எமிலியான் என்னைப் பார்த்தார்.
பிறகு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, பிடியால்,
மரியாதையாய்,
இரண்டு தட்டு.